நோய்க்காலத்தில் மலை விவசாயிக்குச் செல்போனில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் உழவர் குழுவில் பூண்டு, உருளை, கேரட் போடும் குடும்பங்கள் இருக்கின்றன. கொரோனா மாதிரி இன்னொரு நோய் வந்து ஊரடங்கு போட்டால், ஆள் போகமுடியாத நேரத்தில் பயிர் ஆலோசனை, சுகாதார ஆலோசனை இரண்டையும் போன் மெசேஜ் மூலமே கொடுக்க முடியுமா? 2020-ல் நீலகிரியில் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்த ஆப் நல்லது?" எந்த ஆப் என்பது இதில் கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம். பத்து வருஷமாக முகம் பார்த்துப் பேசிய ஆளை நம்பிய விவசாயி, அந்த ஆள் வராமல் அவருடைய சேதி மட்டும் வரும்போது நம்பி மண்வெட்டியை எடுப்பாரா என்பதுதான் நீங்கள் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். எடுப்பார். ஆனால் எல்லாச் சேதிக்கும் எடுக்கமாட்டார். எதற்கு எடுத்தார், எதற்கு எடுக்கவில்லை என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன். ஊட்டி, குந்தா, கோத்தகிரிப் பக்கங்களில் இருபது வருஷத்துக்கு மேல் விவசாயிகளோடு வேலை செய்தவன். மருத்துவம் படித்தவன் இல்லை. அதனால் பயிர் பற்றியும் சேதி போய்ச் சேரும் விதம் பற்றியும் சொல்வதை உறுதியோடு சொல்கிறேன். நோய் பற்றிச் சொல்லும் இடத்தில் அதைப் பரப்பியவன் என்ற அளவில்தான் என் பேச்சு.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. அந்த வாரம் எனக்கு வந்த போன்களில் நோயைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, பூச்சி மருந்து பற்றிக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. கிட்டத்தட்ட எல்லோரும் கேட்டது, "லாரி மேட்டுப்பாளையம் போகுதா? கல்லாறு செக்போஸ்ட்ல விடுறாங்களா? மண்டி திறந்திருக்கா? காட்டுக்கு ஆள் கூப்பிடலாமா, போலீஸ் பிடிக்குமா?" விவசாய வேலைக்கும் மண்டிக்கும் மார்ச் 27-ஆம் தேதியே மத்திய உள்துறை விலக்கு கொடுத்துவிட்டது. அந்தச் சேதி குந்தாவில் ஒரு பாத்தியோரம் நிற்கிறவர் காதுக்கு வர நாளானது. இடைப்பட்ட நாட்களில் பறிக்காமல் போனது எவ்வளவோ. ஆக முதல் பாடம் இது: நோய்க்காலத்தில் விவசாயிக்கு அனுப்பவேண்டிய முதல் மெசேஜ் வழியைப் பற்றியது. வண்டி, மண்டி, அனுமதி, விலை. இதைச் சரியாகச் சொல்கிறவரின் எண்ணைத்தான் அடுத்த வாரம் பயிருக்கும், அதற்கடுத்த வாரம் காய்ச்சலுக்கும் திறந்து பார்த்தார்கள்.

கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேத்தி பாலாடா, நஞ்சநாடு பக்கமெல்லாம் அறுவடை விடியற்காலை இருட்டிலேயே தொடங்கிவிடும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஆட்கள் பாத்தியில் இறங்குவார்கள். பிடுங்கியதைத் தழை கிள்ளி மூட்டை கட்டி, கழுவும் மிஷினுக்குக் கொண்டுபோய், ஈரம் சொட்டச் சொட்ட லாரி ஏற்றினால் மலை இறங்கிவிடும். இதில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றதெல்லாம் வீண். பிடுங்கிவிட்டு லாரி வராவிட்டால் அந்தக் கேரட் யாருக்கும் ஆகாது. பிடுங்காமல் மண்ணிலேயே விட்டால் பத்து நாள், நம் குளிருக்கு இரண்டு வாரம்கூடத் தாங்கும். அதற்குமேல் வெடிக்கும், நடுத்தண்டு கட்டையாகும். அதனால் இரவு எட்டு மணிக்குள் "நாளைக்கு லாரி உண்டு" அல்லது "இல்லை" என்ற ஒரு வரி போய்ச் சேர்ந்தால், விடியற்காலை இறங்குகிறவர்கள் இறங்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்வார்கள். அந்த ஒரு வரிக்காக லாரிக்காரர்கள் இரண்டு பேரையும் மண்டியில் ஒருவரையும் தினமும் மாலையில் போனில் பிடித்துக் கேட்டோம். மெசேஜ் அனுப்ப ஒரு நிமிஷம். அதில் எழுதுவது உண்மைதானா என்று விசாரிக்க ஒன்றரை மணி நேரம். இந்த வேலைக்கு ஆள் ஒதுக்க முடியாதென்றால் குழுவே தொடங்காதீர்கள்.

மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடியபோது இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. சென்னைக்கு ஏற்ற நினைத்தவர்கள் கடைசி நேரத்தில் சரக்கைத் திருப்பினார்கள். திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கும்வரை என்ன செய்வது என்று குழம்பியவர்களுக்கு, "முட்டைகோஸுக்குத் தண்ணீர் குறையுங்கள், முற்றிய கோஸுக்குத் தண்ணீர் காட்டினால் வெடிக்கும். உருளைக்கு மேல்தழையை அறுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் மண்ணிலேயே விடுங்கள், தோல் கெட்டியாகும், நஷ்டமில்லை" என்று சொல்ல முடிந்தது. நேரில் போனாலும் இதையேதான் சொல்லியிருப்போம். இந்த மாதிரி ஏற்கெனவே கைப்பழக்கமான வேலையை எப்போது செய்வது, எவ்வளவு தள்ளிப்போடலாம் என்று சொல்வதற்குப் போன் போதும். தேயிலையிலும் அப்படித்தான். ஏப்ரல் 20-லிருந்து தேயிலைத் தோட்டங்கள் பாதி ஆட்களோடு இயங்கலாம் என்று வந்தபோது, பல சிறு தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பருவம் தாண்டி இலை முற்றிக் கிடந்தது. அதை அப்படியே பறித்து ஃபேக்டரிக்கு அனுப்பவேண்டாம், மேல்மட்டத்தை லேசாகச் சீவிவிட்டு அடுத்த கொழுந்துக்குக் காத்திருங்கள் என்ற சேதியைப் பெரும்பாலானவர்கள் கேட்டார்கள். காரணம், அது அவர்களுக்கே தெரிந்த விஷயம். தெரிந்ததைச் செய்ய ஒரு தைரியம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

தெரியாத விஷயத்தை மெசேஜில் சொல்லப்போனபோதுதான் அடி விழுந்தது. அந்த மழைக்காலத்தில் உருளையில் கருகல் நோய் வந்தது. மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை அடிக்கச் சொல்லி எங்கள் குழுவில் ஒரு சேதி போட்டோம். லிட்டருக்கு 2 கிராம் என்பது கணக்கு. அவசரத்தில் "10 லிட்டருக்கு 20" என்று மட்டும் அடித்திருந்தேன். கிராமா, மில்லியா, ஸ்பூனா என்று எழுதவில்லை. ஒருவர் அதை மூடியால் அளந்துவிட்டார். பயிர் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் அவர் காட்டிய மூடியைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே இடத்தில் கடுமையான பூச்சிமருந்து இருந்திருந்தால் அடித்தவருடைய உடம்புக்கு என்ன ஆகியிருக்கும்? அன்றிலிருந்து எங்கள் விதி: மருந்தின் பெயரும் அளவும் எழுத்தில் போகும்போது அளவை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவோம், டேங்க்குக்கு எவ்வளவு என்று சொல்வோம், அனுப்புவதற்கு முன் இன்னொருவர் வாய்விட்டுப் படிப்பார். புதிய மருந்து, புதிய நோய் என்றால் மெசேஜே கிடையாது. இலையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, போனில் பேசித்தான் முடிவு. படம் தெளிவில்லையென்றால் தேசிய அளவிலான கிசான் கால் சென்டர் எண்ணான 1800-180-1551-ஐக் கொடுப்போம், தமிழிலேயே பேசலாம்.

இனி எழுத்தின் அளவு. வாட்ஸ்ஆப் எல்லாரிடமும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மேல்மலையிலும் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு எஸ்எம்எஸ்தான். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழில் அடித்தால் 70 தான். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைப் போன் இரண்டாக எண்ணும். "உருளைக்கிழங்கு" நம் கணக்கில் எட்டு எழுத்து, போனின் கணக்கில் 14. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம். எழுபதைத் தாண்டினால் சேதி துண்டுதுண்டாகப் பிரிந்து போகும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் ஒரு துண்டு வந்து மறுதுண்டு வராமலே போவதுண்டு. "அறுவடை செய்யவேண்டாம்" என்பதில் "வேண்டாம்" வராமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இப்படி எழுதினோம்: "நாளை காலை லாரி உண்டு. பாதிப் பாத்தி மட்டும் அறுவடை செய்யவும்." இடைவெளி, புள்ளி சேர்த்து 61. மிச்சம் ஒன்பதில் "கேரட்" என்று சேர்த்தால் அதுவே ஐந்தைத் தின்றுவிடும். ஒரு சேதிக்கு ஒரு வேலை. இரண்டு வேலை சொல்லவேண்டுமென்றால் இரண்டு நாளில் சொல்லுங்கள்.

வாட்ஸ்ஆப் இருப்பவர்களிடமும் எழுத்தைவிடக் குரல்தான் போய்ச் சேர்ந்தது. அழகாக வடிவமைத்த போஸ்டர்களும் பிடிஎஃப்களும் எங்களுக்கு நிறைய வந்தன. சின்னத் திரையில் அந்த எழுத்தைப் படிக்க முடியாது, பலர் திறக்கவே இல்லை. நாற்பது நொடிக்குள் ஒரு வாய்ஸ் நோட், தேதியையும் ஊரையும் முதலில் சொல்லி, கடைசியில் "சந்தேகம்னா இந்த நம்பருக்கே கூப்பிடுங்க" என்று முடிப்பது. அதைக் காட்டில் நின்றபடியே கேட்டார்கள். எங்கள் மலையில் இதில் இன்னொரு விஷயமும் உண்டு. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் வீட்டுமொழி படுகு. அந்த மொழியை எழுதப் பழகியவர்கள் குறைவு, பேசாதவர்கள் இல்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள் அதிகம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் தமிழில் கொழுந்து, மலை, துரை என்று அவர்களுக்கே உரிய புழக்கம். ஒரே சேதியை மூன்று பேர் மூன்று வாயால் சொன்னோம். படுகு மொழியில் பேசியவர் அதிகாரி இல்லை, நன்றாக உருளை எடுக்கும் ஒரு விவசாயி. அவருடைய குரலுக்குக் கிடைத்த மரியாதை என் படிப்புக்குக் கிடைக்கவில்லை என்பதை மனதாரச் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

போன் யார் கையில் என்பதையும் பாருங்கள். பட்டியலில் அப்பாவின் எண் இருக்கும். அந்தப் போன் பகலெல்லாம் பையனின் ஆன்லைன் கிளாஸில் இருக்கும். காலை பத்து மணிக்கு அனுப்பிய சேதியைப் பிள்ளை விரலால் தள்ளிவிட்டுப் பாடம் கேட்கும். கொழுந்து பறிக்கும் பெண்களில் பலருக்குச் சொந்தப் போனே கிடையாது. நாங்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த நேரம் மாலை ஏழரை. வேலை முடிந்து, அடுப்பு மூட்டி, எல்லாரும் ஓரிடத்தில் இருக்கும் நேரம். இதோடு ரீசார்ஜ். கடை மூடியிருந்ததால் பலருக்கு வேலிடிட்டி முடிந்து, வரும் அழைப்பும் நின்றுபோயிற்று. செல்போன் நிறுவனங்கள் சில, குறைந்த வருமானக்காரர்களுக்கு ஏப்ரல் 17 வரை நீட்டிப்பும் 10 ரூபாய் டாக்டைமும் கொடுத்தன. அதன் பிறகு சங்கத்தில் பணம் போட்டு ரீசார்ஜ் செய்தோம். எந்த ஆப் என்று கேட்டீர்களே, அந்தக் காசை ஆப்புக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழியுங்கள்.

சுகாதாரச் சேதிக்கு வருகிறேன். இதில் நாங்கள் செய்தது எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். போனை எடுத்தாலே இருமல் சத்தத்தோடு வந்த காலர் டியூன் நினைவிருக்கும். ஒரு மாதத்தில் அது காதில் விழுவதே நின்றுவிட்டது. "கை கழுவுங்கள், விலகி இருங்கள்" என்று நாங்கள் போட்டதற்கும் அதே கதிதான். வேலையோடு ஒட்டிச் சொன்னபோது மட்டும் கேட்டார்கள்: "இலை எடை போடும் இடத்தில் ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு விலகியபிறகு அடுத்தவர் போங்கள்" என்றால் செய்தார்கள். ஆரம்பத்தில் மூட்டையைத் துடைப்பது, காய்கறியைக் கழுவுவது பற்றித்தான் அதிகம் பேசினோம். காயைச் சோப்பிலோ பிளீச்சிங் பவுடரிலோ அலசவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியும் வந்தது. ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு, குளிருக்குப் படுதாவை இறக்கிவிட்டுப் போகும் ஜீப்பைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. அடைத்த இடத்தில் காற்றின் வழியாகப் பரவுவதுதான் பெரிய ஆபத்து என்று அறிவியல் தெளிவானபிறகு திரும்பிப் பார்க்கையில், அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லியிருக்கவேண்டும். புதிய நோயில் இன்று சொல்வது நாளை மாறும். மாறும்போது "போன வாரம் இப்படிச் சொன்னோம், இன்று இப்படிச் சொல்கிறோம், காரணம் இது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன இரண்டு முறையும் நம்பிக்கை குறையவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட முடியாது. எங்கள் குழு ஒன்றில் யாரோ, இன்ன ஹட்டியில் இன்ன வீட்டில் காய்ச்சல், டெஸ்ட்டில் வந்துவிட்டது என்று பெயரோடு போட்டுவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் போட்டிருக்கலாம். இருபது நிமிஷத்தில் அது நான்கு குழுவுக்குப் போய்விட்டது. அதிகம் பரவிய ஃபார்வர்டை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்குத்தான் அனுப்பமுடியும் என்று வாட்ஸ்ஆப் ஏப்ரலிலேயே கட்டுப்படுத்தியிருந்தும், படம் பிடித்து அனுப்புகிறவரைத் தடுக்க முடியுமா? மறுநாள் அந்த வீட்டுக் காட்டிலிருந்து கோஸ் ஏற்ற லாரி வரவில்லை. ஆள் வரவில்லை. கோஸில் நோய் ஒட்டாது என்று நான் வாய்ஸ் போட்டேன், ஒருவரும் கேட்கவில்லை. வீட்டு முன்னால் ஸ்டிக்கர், பின்னால் வரிசையாக வெடித்துக்கொண்டிருந்த கோஸ். அந்த அம்மா என்னிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "என் பேரை எதுக்குப் போட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தவர்கள் சொல்லாமல் மறைக்கத் தொடங்கினார்கள். எந்தச் சுகாதாரச் சேதியாலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. நோயாளியின் பெயர், ஊர், அடையாளம் குழுவில் வந்த நொடியே அழிக்கவேண்டும், போட்டவரிடம் தனியே போனில் பேசவேண்டும். அட்மின் மட்டுமே பதிவிடும் குழுவாக வைத்துக்கொண்டு, பதிலைத் தனி எண்ணுக்கு வாங்குங்கள். காய்ச்சல் வந்த வீட்டின் அறுவடைக்கு யார் போவது, லாரியில் எப்படி ஏற்றுவது என்பதை முன்கூட்டியே பேசி முடித்து வையுங்கள். அந்த ஏற்பாடு இருந்தால்தான் சொல்ல வருவார்கள்.

பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். 2019-ல் ஃபாப்ரேகாஸ், கிரெமர், ஷில்பாக் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும், ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் செல்போன் வழியாக ஆலோசனை தந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, விளைச்சல் சுமார் 4 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டார்கள். செலவு மிகக் குறைவு என்பதால் அந்த நாலு சதவீதம் சின்ன விஷயமில்லை. ஆனால் அது நோயில்லாத காலத்துக் கணக்கு. 2020-ல் மேற்கு வங்காளத்தில், நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி பேசிய இரண்டரை நிமிஷ வீடியோவை எஸ்எம்எஸ் மூலம் இரண்டரைக் கோடிப் பேருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நோய்க்குறிகளைச் சுகாதாரப் பணியாளரிடம் சொல்வது கூடியது, சேதி வராத அக்கம்பக்கத்தாரிடமும் மாற்றம் தெரிந்தது. ஊரறிந்த முகம், ஊர் மொழி, சின்ன அளவு என்பதுதான் அதிலும் நடந்தது. எங்கள் மலையில் நாங்கள் அப்படி அளக்கவில்லை. லாரிச் சேதியால் சரக்கு வீணாவது குறைந்தது, கண்ணால் பார்த்தேன். பயிர்ச் சேதியைக் கேட்டுச் செய்தவர்கள் உண்டு, அதுவும் தெரியும். எங்கள் சேதியால் ஒருவருக்காவது நோய் வராமல் போனதா என்று கேட்டால், போயிருக்கும் என்று நம்புகிறேன், நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

உங்கள் சரக்கு பெரும்பாலும் ஒட்டன்சத்திரம் இறங்கும் என்று நினைக்கிறேன். அங்கே மண்டியில் ஒருவர், மலையிறங்கும் வண்டிக்காரர் இருவர், உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஒருவர், இந்த நான்கு எண்களை இப்போதே வாங்கி வையுங்கள். பிறகு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போங்கள். வீட்டில் எத்தனை போன், எந்தப் போன் யார் கையில், பட்டன் போனா, படிப்பவர் யார், எந்த இடத்தில் நின்றால் சிக்னல் வரும், போனே இல்லாவிட்டால் எந்தப் பக்கத்து வீட்டார் கூப்பிட்டுச் சொல்வார் என்று எழுதுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அவசரத்தில் இப்படி ஒரு நோட்டு எழுத ஆரம்பித்தோம். மறு வருஷம் ஊரடங்கில் எங்களிடம் இருந்த ஒரே தயாரிப்பு அந்த நோட்டுதான். அதன் கட்டங்கள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், பெயர்களையும் எண்களையும் மறைத்துவிட்டு இரண்டு பக்கம் படம் எடுத்து அனுப்புகிறேன்.